மீசைக்குப் பின்னால் போன ஜோக்குகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி மாற்ற வந்தார். "ரொம்ப வெயிட் பண்ணணுமாப்பா?" என்று கேட்டார். "வேணாம் சார், லைட் வெயிட் லென்ஸ்தான் போடப்போறேன்" என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அதுதான் கைதட்டல்.

கடையில் எனக்கு 'ரம்பம்' என்று பெயர். லென்ஸ் அறுப்பதால் வந்த பெயர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி மட்டும், "ரம்பம், ஆரம்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். பரவாயில்லை, அவரும் தேறிவருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். ஆனால் நான் 'லைட்' என்ற இடத்துக்கு வருவதற்கு முன்பே சிரித்துவிட்டாள். ஏன்?

மார்ச் 5, வியாழன்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். அதற்கும் சிரித்தாள்.

மார்ச் 14, சனி

காது டாக்டரிடம் போனோம். அவளுக்கு இரண்டு காதிலும் நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறதாம். மிஷின் வைத்தால் சத்தம் கேட்குமாம், சொல் பிரிந்து கேட்குமா என்பது சந்தேகமாம். "பேச்சு புரியுமா டாக்டர்?" என்று கேட்டேன். "மேபி" என்றார். அந்த நேரம் பார்த்து இவள் வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அதிர்ச்சியில் புத்தி தடுமாறிவிட்டதோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இனிமே எங்கிட்ட ஜோக் சொல்லாதீங்க. எந்த இடத்துல சிரிக்கணும்னு தெரியாம உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கேன். நடிச்சு நடிச்சு வாய் வலிக்குது."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

எங்களைப் பேச வைத்ததே அதுதான். கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவளிடம், "நாங்க சைட் அடிச்சே சம்பாதிக்கிறவங்க" என்றேன். "அப்போ சைடுல வேற என்ன தொழில்?" என்று பட்டென்று கேட்டாள். அன்றைக்கு விழுந்தவன்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் சமாதானப் பேச்சால் தீர்ந்ததில்லை. யாராவது ஒருவர் ஒரு மொக்கை போடுவோம், மற்றவர் அடக்க முடியாமல் சிரிப்போம், அவ்வளவுதான். அது போய்விட்டால் நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேர். பயமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

"உப்பு?" "வேணாம்." "கதவு பூட்டியாச்சா?" "ம்." இன்றைய பேச்சு முழுதும் இதுதான்.

அவளுக்குப் புரியட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பார்த்தேன். "ஏங்க பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி பேசுறீங்க?" என்றாள். நன்றாக இருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வகுப்புக்குப் போகிறாளாம். சேர்ந்த பிறகுதான் எனக்கே சொன்னாள். இன்று வீட்டு ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் எதிரே உட்கார்ந்து குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். இவள் சொல்லிக்கொண்டே வந்தாள்: "நேத்து மழையில என் குடை திரும்பிக்கிச்சு. பஸ்ஸுல எல்லாரும் பாத்தாங்க." ஒரு சொல் பிசகவில்லை. காது மங்கத் தொடங்கியதிலிருந்தே தானாகப் பழகியதாம். என் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது. நானும் முயன்றேன். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். இவள் தடுமாறினாள். திரும்பச் சொன்னேன். ஊஹூம். டீச்சர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், உங்க மேலுதடு எங்க?" என்றார்.

மீசை. தொங்கி வந்து பாதி வாயை மூடியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"தெரியும். உங்களுக்கு அதை எவ்வளவு பிடிக்கும்னும் தெரியும்."

ஊரில் எல்லார் பேச்சும் அவளுக்குத் தெரிகிறது. கட்டினவன் பேச்சு மட்டும் தெரியவில்லை. நான் ஒரு முட்டாள் என்பதைத் தவிர எழுத வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

எடுத்துவிட்டேன். கண்ணாடியில் என் சித்தப்பா நிற்கிறார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் தணிந்த குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறதாம், அண்ணி அனுப்பியதாம், திருப்பிக் கொடுத்தால் மனசு வருத்தப்படுவாளாம். நடுவே லாரி போனபோது மட்டும் நிறுத்தினாள். கேட்கும் காது இரண்டு இருந்தும் எனக்கு லாரிச் சத்தம்தான் கேட்டது.

பிறகு அவளே ஆரம்பித்தாள். "அன்னிக்கு டாக்டர் ரூம்ல சிரிச்சேன்ல? அவர் என்ன சொன்னாரு?"

"மேபின்னாரு."

"எனக்குத் தெரிஞ்சது பேபி. இந்த வயசுலயா டாக்டர்னு நெனச்சேன், சிரிப்பு தாங்கல."

உதட்டில் இரண்டும் ஒன்றாம். இரண்டுக்குமே உதடு ஒட்டிப் பிரிகிறது. 'மீட்'டும் 'பீட்'டும் ஒன்று, 'பார்க்'கும் 'மார்க்'கும் ஒன்று. "உங்க ஜோக்குல ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூணு நாலு. எல்லாத்தையும் கையில வெச்சுக்கிட்டு, அடுத்த வார்த்தை வந்ததும் ஒண்ண வெச்சுட்டு மிச்சத்த கீழ போடணும். கீழ போடறதுலதான் நல்ல ஜோக்கெல்லாம் இருக்கு. யார்கிட்ட சொல்றது?"

இவளை மௌனத்தில் விட்டுவிட்டேன் என்று அல்லவா நான் மருகிக்கொண்டிருந்தேன்? இவளுக்குள் ஒரு பெரிய சந்தையே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சொல்லை இரண்டாகப் பார்ப்பதற்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவன் நான். பஸ் வந்ததுகூடத் தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தும், இவளை இன்றைக்குத்தான் முதலில் பார்த்ததுபோல் இருந்தது.

"எங்கிட்ட சொல்லு" என்றேன். தெளிவாக, மீசை இல்லாமல்.

மே 10, ஞாயிறு

டிவி சத்தத்தை அணைத்துவிட்டுப் பழகுகிறேன். செய்தி வாசிப்பவர் ஏதோ மென்றுகொண்டிருக்கிறார் என்பதுவரை பிடிபடுகிறது.

சாப்பிடும்போது குரலில்லாமல் ஒன்று சொன்னாள். சிரித்தேன். "நடிக்காதீங்க" என்றாள். பிடிபட்டுவிட்டேன். இது எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 27, சனி

கடையின் கணக்காளர் ஓய்வு பெறுகிறார். வாடகைக் கூடத்தில் விழா, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வேலைக்காரர்கள் மேடையோரம் நின்றோம். அவள் எதிரே முன்வரிசையில்.

முதலாளி பேச ஆரம்பித்து, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பேசினார். கூடமே கலங்கியிருந்தது. அப்போது அவள் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். புரியவில்லை என்று தலையாட்டினேன். இன்னொரு முறை அசைத்தாள். முதல் மூன்று சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலாவது வந்தது.

வெடித்துச் சிரித்துவிட்டேன். அத்தனை தலைகளும் திரும்பின.

அவள் சொன்னதை இங்கே எழுதிப் பயனில்லை. எழுத்தில் அவள் மாற்றி விளையாடிய இரண்டு சொற்களும் வேறுவேறாக நிற்கும். அவள் உதட்டில்தான் அவை ஒன்று.

"இதுல என்னய்யா சிரிப்பு, ரம்பம்?" என்றார் முதலாளி, ஈரக் கண்ணோடு.

"நான் ஒண்ணும் சொல்லல சார்" என்றேன். சத்தியமான உண்மை.

எதிரே அவள், ஒன்றும் அறியாதவள்போல, முதலாளியின் வாயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.