சரியான பதில்

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் பாண்டியம்மாவின் கட்டிலருகே நின்று பயிற்சி டாக்டர்களுக்குப் பாடம் நடத்தினார். வாத்தியாராக இருந்த காலத்தில் உதாரணம் காட்டாமல் நான் எந்தப் பாடமும் நடத்தியதில்லை. இன்று என் மனைவியே உதாரணமாகப் படுத்திருந்தாள். ஒவ்வொருவராக அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். ஒரு பெண் மட்டும் பதில் சொன்னாள். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். “குட்” என்றார் டாக்டர். வேட்டி கட்டிய கிழவனுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார்கள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

பாண்டியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “அந்தப் புள்ள கரெக்டா சொல்லிருச்சு போல! என்னங்க சொன்னுச்சு?”

“வயித்துப் புண்ணுன்னு சொன்னுச்சு” என்றேன்.

மத்தியானம் அந்தப் பெண் ரத்தம் எடுக்க வந்தாள்.

“காலையில எல்லாரும் முழிச்சாக, நீ மட்டும் டக்குன்னு சொல்லிட்டியே தாயி” என்றாள் பாண்டியம்மா. “எங்க வீட்டுக்காரரு மேலூர்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவரு. நீ பேசுனது அம்புட்டும் அவருக்குப் புரியும்.”

ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாண்டியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “குத்து தாயி, எனக்கு வலிக்காது” என்று கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்றுகூட.