இரண்டாயிரத்துக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

தம்பி வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்கு இன்று இரண்டாயிரத்துக்குக் கீழே முடிந்தது. 1,986.

பதினான்கு மாதமாக அது விழும்போதெல்லாம் சார்ட்டில் நான் போட்டிருக்கும் இரண்டாயிரம் கோட்டில் காலூன்றி மறுபடி ஏறியது. ஐந்து முறை. இன்று அந்தக் கோடு உடைந்துவிட்டது. வழக்கத்தைப் போல மூன்று மடங்கு பங்குகள் கைமாறியிருக்கின்றன. சும்மா சறுக்கல் இல்லை இது. ஏதோ பெரிய கை வெளியே போகிறது.

என்னிடமும் அந்தப் பங்கு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே முடிந்தால் மறுநாள் காலை விற்றுவிடுவது என் சட்டம். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற இந்தப் பதினெட்டு வருடத்தில் போகாத சரக்கைக் கட்டிக்கொண்டு அழுதவள் இல்லை நான்.

நாளைக் காலை விற்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

விற்கவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். ஆபீஸ் விஷயம் எதையும் நான் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அது எங்களுக்குள் வரம்பு. ரெண்டாயிரம் உடைந்தால் அவ்வளவுதான், போய்விட வேண்டும் என்று சார்ட்டை மட்டும் சொன்னேன்.

"உன் கோடு சொல்லுதுன்னா நான் என்னக்கா பண்றது? கம்பெனியோட மூணு மாசக் கணக்கு, அந்த ரிசல்ட் வந்து ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் இங்க வேலை பாக்குறவங்க யாரும் விக்கக் கூடாது. கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

ரிசல்ட் ஏப்ரல் பதினாறு. அவனிடம் இருப்பது ஆறு வருடமாகச் சம்பளத்தோடு கொடுத்த பங்குகள். அதை விற்றுத்தான் வீடு வாங்கப் போகிறான். வீட்டுக்காரரிடம் ஏப்ரல் கடைசி என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.

தடை எனக்கில்லை. நான் விற்கலாம். ஆனால் அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்க நான் மட்டும் பின்வாசல் வழியாக — என்ன பேத்தல் இது? நான் விற்காமல் இருந்தால் அவனுக்கு ஒரு காசு லாபம் உண்டா? இல்லை. நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் கை போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

1,940. கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டேன். போன வருடம் ஒரே ஒரு நாள் ஆழமாக விழுந்ததே, அதையும் சேர்த்தால் கோடு இங்கேதான் வரும். இப்படி ஒரு நியாயம்.

மார்ச் 14, வெள்ளி

பல்வலி. சார்ட் பார்க்கவில்லை.

பொய். இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 20, வியாழன்

கடை மெக்கானிக், சரிசெய்த லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, போன வாரம் இந்தக் கோடு இன்னும் மேலயில்ல இருந்துச்சு?"

"இது புதுக் கோடு."

"அப்ப பழசு?"

"வேலையைப் பாருங்க."

"பாக்குறேன். விலையும் இறங்குது, கோடும் கூடவே இறங்குது. ரெண்டும் ஜோடியா எங்க கிளம்பிடுச்சுன்னுதான் கேட்டேன்."

சிரித்துவிட்டேன். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. நாள் சார்ட்டில் உடைந்தால் வார சார்ட்டைத் திறப்பார்கள், அதிலும் உடைந்தால் மாத சார்ட். சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்படித் தங்களையே ஏமாற்றிக்கொள்வதை எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன். இன்று மதியம் மாத சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 3, வியாழன்

தம்பி மனைவி பேசினாள். "அண்ணி, சமையலறையில என்ன வெளிச்சம் தெரியுமா! ஜன்னலுக்கு அளவெடுத்துட்டு வந்துட்டேன். நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க."

சரிம்மா என்றேன். 1,865.

ஏப்ரல் 16, புதன்

ரிசல்ட். லாபம் பாதியாகிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

ஒரே நாளில் 1,610. தம்பி போனை எடுக்கவில்லை. நானும் இரண்டாவது முறை அடிக்கவில்லை. அலுப்பாக இருக்கிறது. உடம்பில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ.

ஏப்ரல் 21, திங்கள்

சந்தை திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன்.

"அக்கா, வித்துட்டேன். ஆயிரத்து ஐநூத்தி முப்பது. மொத்தமும்."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமேடா. ஆயிரத்து ஐநூறுல ஒரு பிடிமானம் —" வாயில் வந்துவிட்டது.

"என்ன பிடிமானம்? ரெண்டாயிரம் உடைஞ்சா அவ்வளவுதான்னு நீதானே சொன்னே? ஏழு வாரமா அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். தடை போன நிமிஷமே தூக்கிப் போட்டுட்டேன். ஆமா, நீ எவ்வளவுக்கு வித்தே?"

திரையில் திறந்திருந்த சார்ட்டை மூடினேன்.

"அக்கா?"

"இன்னும் வச்சிருக்கேன்."

"என் கையைக் கம்பெனி கட்டிப் போட்டுச்சு. உன் கையை யாரு கட்டினா?"

நீதான் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பான், இல்லை சிரித்திருப்பான். இரண்டையும் தாங்கத் தெம்பில்லை. கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் யாருமே இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விற்றேன். 1,488. கோடுகளையெல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், கீழே போகிறது.

ஏப்ரல் 28, திங்கள்

தம்பியையும் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். அவர்களிடம் நாற்பத்தொன்பது லட்சம் தேறுகிறது. அவர் கேட்பது அறுபது.

"அறுபதுக்குக் குறைஞ்சா பேச்சே வேண்டாம்மா."

"பேச்சு வேண்டாம்னா டீ எதுக்குங்க கொடுத்தீங்க?"

சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு மணி நேரம். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. வீடு ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டையும் எடுத்து வைத்தேன். தம்பி ஒவ்வொரு தொகைக்கும் முகத்தில் எல்லாவற்றையும் காட்டினான். வெளியே போய் நில்லடா என்று அனுப்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது, மீதி நான் போடுகிறேன் என்றேன்.

"வேண்டாம்கா, அது உன் பணம்."

"என் பணம்தான். அதனாலதான் பத்திரத்துல என் பேரும் வரும். சும்மா கொடுக்க நான் என்ன பைத்தியமா?"

"அண்ணி பேரை முதல்ல போடுங்க" என்றாள் அவன் மனைவி.

முடிந்த விலை ஐம்பத்தாறு லட்சம். நாற்பத்தொன்பது அவர்களுடையது, ஏழு என்னுடையது. குளியலறைச் சுவரைச் சரிசெய்வது வீட்டுக்காரர் செலவு. மே இருபதுக்குள் பதிவு, மூன்று பேர் பெயரில்.