இணைப்பு இரண்டு

பிப்ரவரி 3, திங்கள்
காலை 5.10. மீண்டும் கண் எரிச்சல். குறித்துக்கொண்டேன், நாற்பத்தோராவது நாள். கடல் காற்றுக்காகத் திருவொற்றியூரில் வீடு வாங்கினேன். வருவது தெருமுனை கெமிக்கல் கம்பெனியின் வாடை.
அங்கே காண்ட்ராக்டில் வேலை செய்யும் மாரியப்பன் போனில் செய்தி அனுப்பியிருக்கிறார், வால்வின் படத்தோடு. "ரெண்டு மாசமா கசியுது சார். எம்பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. வேலை பூடும்."

பிப்ரவரி 4
மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தச் செய்தி வந்த ஆப்பை நடத்தும் கம்பெனிக்காரன் அதைப் படிக்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? காசு வாங்காதவன் நம் ரகசியத்தை எதற்காகக் காக்க வேண்டும்? மாரியப்பனைக் கேட்டுக் குடைந்தேன். பெரம்பூரில் இருக்கும் மகள் சுஜாவிடமும் கேட்டேன், மூன்றாவது முறையாக.
"அவனே தொறந்து பாக்க முடியாதபடி பூட்டித்தாம்பா அனுப்புறான். படிக்கிறான்னு ஒரு தபா பேர் கெட்டா எல்லாரும் வேற ஆப்புக்குப் பூடுவாங்க. அப்பறம் யார வச்சு அவன் கடை நடத்துவான்?"
அப்படியானால் நல்லெண்ணம் இல்லை, பயம். நானும் பயத்தால் ஒழுங்காக இருந்தவன்தான். பயந்தவனை நம்பலாமா? — ஒருவேளை பயந்தவனைத்தான் நம்பலாமோ.
ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது ஆப் கம்பெனிக்குத் தெரியக்கூடுமாம். அது உறுத்துகிறது.

பிப்ரவரி 7
மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு தயார். இசக்கிப்பாண்டியின் ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்தேன். முப்பது வருடம் கோப்பு பார்த்த பழக்கம்: மாரியப்பனின் செய்தி முழுவதையும் 'இணைப்பு – 2' ஆக வைத்தேன். பெயரைக் கறுப்பு மையால் பிறகு அடித்துக்கொள்ளலாம். பிரதி எடுக்கையில் மை பரவி வீணான இரண்டு இணைப்புத் தாள்களைக் கடைக் கூடையில் போட்டேன்.

பிப்ரவரி 10
மாரியப்பன் வந்தார். உட்காரவில்லை. கையில் எண்ணெய் படிந்த தாள். கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்ததாம்.
"இன்னா சார் இது? ஆப்புக்காரன் படிப்பானான்னு ஆயிரம் கேள்வி கேட்டீங்க. எம்பேரு பஜ்ஜில கீது."
தாளை வாங்கிப் பிரித்தேன். இணைப்பு – 2.
கூடையில் போட்டது இரண்டு. இன்னொன்று எங்கே?

பிப்ரவரி 11
கடைக்கு ஓடினேன். "வீணான தாளை டீக்கடைக்குத்தான் சார் போடுதேன், இருவது வருசமா," என்றார் இசக்கிப்பாண்டி. சொல்லிவிட்டு அவரே முகம் வெளுத்தார். "ஆதாரு, பத்திரம், மார்க் ஷீட்டு... எல்லாம் என்னை நம்பிக் கொண்டாராங்க. இது வெளிய தெரிஞ்சா எதுத்த கடைக்குல்லா போவாங்க."
என் கண்ணெதிரே கூடைத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். கம்ப்யூட்டரில் இருந்த என் கோப்பையும் அழித்தார். என் மேல் இரக்கமா, கடையைப் பற்றிய பயமா? எதுவானாலும் தாள் கிழிந்தது. சுஜா சொன்னது இப்போதுதான் புரிகிறது.
கிழித்தவற்றில் அந்த இரண்டாவது தாள் இல்லை.

பிப்ரவரி 13
முகம் தெரியாத ஆப் கம்பெனிக்காரன் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான். அவனுக்கு இழக்க வியாபாரம் இருக்கிறது. எனக்கு என்ன போகிறது — போவது மாரியப்பனுக்குத்தானே. அதனால்தான் அசட்டையாக இருந்தேனா? சே.

பிப்ரவரி 14
விடியற்காலையில் மதில் ஓரம் போய் நானே படமெடுத்தேன். இருட்டில் மூன்று படம் வீண். நான்காவதில் வால்வும் புகையும் தெரிகின்றன. இணைப்பு – 2 நீக்கம். என் படம், என் குறிப்புகள், என் கையெழுத்து, கதவு எண். மனுவை நேரில் கொடுத்தேன். சந்தேகப்படுகிறவர்கள் என் வாசலுக்கு வரட்டும்.
மாரியப்பன் பெயர் இருக்கும் இந்த நோட்டு இனி அரிசி டின்னுக்குள்.

பிப்ரவரி 20
காலை 5.10. வாடை உண்டு. கம்பெனி ஜீப் வாசலில் நின்றது. இறங்கியவர் என் பெயர்ப்பலகையைப் படித்துக் குறித்துக்கொண்டார்.
அவர் பின்னாலேயே மாரியப்பன் சைக்கிளில் ஷிப்டுக்குப் போனார். என்னைத் தெரியாதவர்போல.