நீலப் பக்கம் ஒட்டிய டேப்

அம்மா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் காட்ட யார் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் அத்தை படுத்திருக்கிறார். விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் தெரிந்துவிடும். அதனால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாளைக் காலையில் அத்தை என்னைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். இனிமேல் பள்ளிக்கூடமும் அங்கேதானாம். பையில் எல்லாவற்றையும் அடுக்கும்போது ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தேன். அந்தக் கறுப்பு டேப் துண்டு அப்படியே இருக்கிறது. மூக்கில் வைத்தால் சூடு பட்ட பிளாஸ்டிக் வாசனை. அதற்கு அடியில் கொஞ்சம் தைல வாசனையும் வருகிறது. உன் விரலில் இருந்ததுதான்.

கார் வாங்கி வந்த அன்றைக்கு அப்பா அதை ஒட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார்தான் என்றாலும் ஏசி இருந்தது. சேலையூரில் நம் தெருவில் அதுதான் முதல் ஏசி கார். அப்பா ஒவ்வொரு பட்டனாக எனக்குக் காட்டினார். நீலமும் சிவப்பும் போட்ட கைப்பிடியை நான் சிவப்புப் பக்கம் தள்ளினேன். குப்பென்று அனல் அடித்தது.

"ஐயோ, அது ஹீட்டர் பாப்பா! தாம்பரத்துல எவனாவது ஹீட்டர் போடுவானா?" என்று சிரித்தார். உடனே கைப்பிடியை நீலப் பக்கம் தள்ளி, நகராதபடி மேலே டேப் ஒட்டிவிட்டார். "ஊட்டிக்குப் போறப்ப பிரிச்சுக்கலாம்."

"ஊட்டியா? முதல்ல ஊரப்பாக்கம் வரைக்கும் நிக்காம போகுதான்னு பாருங்க" என்றாய் நீ.

மறைமலை நகர் தொழிற்சாலையில் நீ எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் குழாய்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தாய். அதனால் காரில் ஏறியதும் உன் கண் முதலில் வெப்பம் காட்டும் முள்ளுக்குத்தான் போகும். திருநீர்மலைக்குப் போகும் வழியில் ஏற்றம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஏசியை அணைத்துவிடுவாய். அப்பாவுக்குக் கோபம் வரும்.

"ஏசி கார்ல கண்ணாடிய இறக்கிட்டுப் போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எஞ்சின் ஒண்ணுதாங்க இருக்கு. நம்மளையும் இழுக்கணும், உங்க குளுருக்கும் உழைக்கணும். பாவம் இல்லையா?"

அப்படியானால் ஹீட்டருக்கும் உழைக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். இல்லை என்றாய். எஞ்சின் எப்படியும் சூடாகும், அந்தச் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே கொண்டுவருகிறது, அதை நாம் வாங்கிக்கொண்டால் எஞ்சினுக்கு ஆறுதல் என்றாய். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. குரோம்பேட்டையில்தான் புரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. தைலம் தேய்த்தும் அடங்காததால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லீவுக்கு வந்திருந்த அத்தையும் நானும் பின்சீட்டில் இருந்தோம். உனக்கு வேர்த்துக் கொட்டியதால் அப்பா ஏசியை முழுதாக வைத்திருந்தார். குரோம்பேட்டையில் சாலையைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. நம் கார் திணறியது. அப்பா மிதித்தும் இழுக்கவில்லை. பக்கத்து லாரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "இன்னா சார், வண்டி கொதிச்சிகினு கீது! ஓரங்கட்டு சார்!"

முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஓரங்கட்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நீ கண்ணைத் திறந்தாய்.

"ஏசிய நிறுத்துங்க. ஹீட்டரைப் போடுங்க."

"உனக்கு இருக்கற நிலைமையிலயா? வேணாம்மா."

"வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

அப்பா அழுதுகொண்டே கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். டேப்பைப் பிரித்தது உன் கைதான். அனல் உன் முகத்தில்தான் முதலில் அடித்தது. "டேய், அவளை வேக வைக்கிறியாடா?" என்று அத்தை அலறினார். நீ முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது மெல்ல மெல்ல இறங்கியது. ஆஸ்பத்திரி வாசல்வரை கார் நிற்கவே இல்லை.

நீ மறுநாள் விடியும்போது போய்விட்டாய்.

வருகிறவர்களிடமெல்லாம் அத்தை இதையேதான் சொல்கிறார். "சித்திரை வெயில்ல ஹீட்டர் போட்டான். பொண்டாட்டியப் பாத்துக்கத் தெரியாதவன் பொண்ண எப்படி வளப்பான்?" நீதான் போடச் சொன்னாய் என்று அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உன் மேல் பழி போகக் கூடாது என்று நினைக்கிறாரா, இல்லை அத்தை சொல்வதைத்தான் அவரும் நம்புகிறாரா? சாயங்காலங்களில் காருக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். என்னைத் திருச்சிக்கு அனுப்பவும் தலையாட்டிவிட்டார். "அங்க நல்லா இருப்ப கண்ணு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அம்மா. திருச்சியை நினைத்து மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் அப்பா மருந்து வாங்கப் போனபோது என் காதில் நீ சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"வண்டி நின்னிருந்தா உன்கூட இப்படிப் பேசியிருக்க முடியாதுடி. அப்பா பயந்துட்டாரு, ஆனாலும் நான் சொன்னதைக் கேட்டாரு. ஊட்டிக்கு முன்னாடியே டேப்பைப் பிரிச்சுட்டேன்னு சொல்லு, சிரிப்பாரு."

அதற்குப் பிறகு நர்ஸ் உன்னைப் பேச விடவில்லை.

அப்பாவிடம் சொல்லலாம் என்றால் முதலில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிறகு நான் வாயைத் திறந்தாலே அத்தை, "பெரியவங்க விஷயத்துல உனக்கென்ன?" என்றார். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நீ எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனது இந்தப் பேச்சு ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்னிடம் எதுவுமே மிஞ்சாதோ என்று பயந்தேன். சொன்னால் அவர் சிரிக்காமல் போய்விடுவாரோ என்றும் பயம்.

இப்போதும் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரின் தோளுக்கு மேலாக எட்டி முள்ளைத்தான் தேடுகிறேன். அப்பாவின் முகத்திலும் அப்படி ஒரு முள் இருந்திருந்தால் இத்தனை நாள்

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை இல்லை, அத்தை தட்டாமலே திறந்துவிடுவார். "பாப்பா, தூங்கலையா?" என்று அப்பாவின் குரல். டேப் என் கையில்தான் இருக்கிறது அம்மா. நான்