பட்டாணி சாப்பிடவில்லை

டிசம்பர் 6, சனி

நேற்றிலிருந்து விடாத மழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. அப்பா காலை உள்ளே விட முடியாமல் சொம்பால் இறைத்துக்கொண்டிருந்தார். தறியில் பூட்டிய பாவு நூல் ஈரத்தில் தொய்ந்து கிடக்கிறது. வேலை இல்லை.

பட்டாணி இன்றும் சாப்பிடவில்லை. எட்டாவது நாள்.

வைத்தவை: முருங்கைக்கீரை. துருவிய பூசணி. கொல்லையில் பிடித்த வெட்டுக்கிளி இரண்டு. கரப்பான் ஒன்று. கரப்பான் அதன் தலைமேலேயே ஏறியது. அது கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

பட்டாணி ஆஸ்திரேலிய ஓணான். முழ நீளம், தாடை முழுக்க முள். அக்காவின் கம்பெனியில் ஒருத்தி மலேசியா போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அக்கா வீட்டைவிட்டுப் போய் இன்றோடு இருபது நாள். கம்பெனி பஸ் ஓட்டுகிறவரோடு. ஐயம்பேட்டைக்காரர், வேற்று ஜாதி. பதிவுத் திருமணம். தலையணைக்கடியில் எனக்கு ஒரு சீட்டு: "பல்பு காலைல ஏழுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும். கீரை தெனமும். வாரத்துக்கு மூணு நாள் பூச்சி." தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பா அன்று சொன்னது: "இனிமே இந்த வூட்ல அவ பேச்சு இருக்கக் கூடாது." இல்லை. யாரும் பேசுவதில்லை. ஐயம்பேட்டை, ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்.

பட்டாணியின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்தேன். அக்கா செய்தித்தாள் போடுவாள். மழைக்கு ஜில்லென்று இருக்கிறதே என்று மூன்று வாரமாக நான் கழிவுப் பட்டுநூல்தான் பரப்புகிறேன். நம் வீட்டில் அதற்கா பஞ்சம். இன்றும் புதிதாகப் போட்டேன்.

துணி காயவில்லை. இரண்டு நைட்டி, அப்பா வேட்டி.

டிசம்பர் 8, திங்கள்

தூறல். பத்தாவது நாள்.

எதிர்வீட்டு சரோஜா அத்தை வந்து தொட்டிமுன் குந்தினார். "ஏக்கம்டீ இது. வளத்தவள தேடுது. எங்க வூட்டு நாயி இப்படித்தான் பட்டினி கெடந்து செத்துச்சு."

"ஓணானுக்கெல்லாம் ஏக்கம் வருமா அத்தை?"

"ஏன், ஓணான்னா மனசு இல்லியா? நீ டிகிரி படிச்சவ, உனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பி.எஸ்ஸி. விலங்கியல். இந்த வீட்டின் முதல் பட்டம். மூன்று வருடம் தவளையின் இதயத்துக்கு அம்புக்குறி போட்டேன். உயிரோடு இருக்கும் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தரவில்லை. நெட்டில் பார்த்தேன். குளிர்காலத் தூக்கமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மத்தியானம் அம்மா தொட்டிமுன் தனியாக. நான் கதவுக்கு இந்தப் பக்கம். "உனக்கும் வெக்கமில்லியா? போனவளுக்காக இப்படியா கெடப்பே? அவ அங்க நல்லா துன்னுக்கினு இருப்பா." பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இத்தனை நாளில் அம்மா அழுது இன்றுதான் பார்த்தேன். அக்காவுக்காக அழக் கூடாது. ஓணானுக்காக அழலாம், யாரும் கேட்க முடியாது.

எனக்கு அழுகை வரவில்லை. கேஸ் புக் செய்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. தறி ஓடியது.

தெருவில் செய்தி பரவிவிட்டது. இன்று மட்டும் நாலு பேர் பட்டாணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். துக்கம் கேட்க வருவதுபோல வருகிறார்கள். ஒருவர் வாழைப்பழம் வாங்கிவந்தார்.

சாயங்காலம் அப்பா தறியில் இருந்தபடியே, இழையைப் பார்த்துக்கொண்டே:

"அந்த ஜந்து செத்துச்சுன்னா அந்தப் பாவம் நமக்கு எதுக்கு. வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு."

அம்மா கையில் காப்பி டம்ளர். "யாரைங்க?"

"யாரை சொல்லுவாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் போனில் பேச வராது, அக்காவிடம்கூட. மூன்று முறை மெசேஜ் அடித்து அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "பட்டாணி சாப்பிடவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் அப்பா."

பதில் உடனே வந்தது. "அப்பாவா?"

அடுத்தது பத்து நிமிடம் கழித்து. "லீவு தர மாட்டாங்க. ஞாயித்துக்கிழம வரேன். அதுவரைக்கும் சாவடிச்சிடாதடி."

டிசம்பர் 10, புதன்

வெயில். பழக்கூடையில் துண்டு விரித்துப் பட்டாணியை வைத்து, கால்நடை மருத்துவமனை. முன்னால் ஆறு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, முதலைக் குட்டியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயது. இந்த ஓணானை இதுவரை தொட்டதில்லை என்று நேராகவே சொன்னார். சென்னையில் இருக்கும் கூடப் படித்தவருக்கு வீடியோ கால். வயிற்றைத் தடவினார். திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி செகப்பா ஒரு நூல் தெரியுது. தொட்டில கீழ என்ன போடறே?"

"நூல். பட்டு நூல்."

"பட்டு மெத்தையா? கீரையோட சேத்து முழுங்கியிருக்குது. வயித்துல உருண்டையா அடைச்சிக்கினு இருக்கு. நீ இழுத்துடாத, குடல் கிழிஞ்சிடும். ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணில உக்கார வெச்சி, வயித்த மெதுவா நீவி விடு. மூணு நாள்ல வரலன்னா சென்னைக்குத்தான் போவணும், ஆபரேஷன். என்ன படிச்சிருக்கே?"

"பி.காம்."

வீட்டுக்கு வந்து நூலையெல்லாம் வாரிப் போட்டேன். அம்மாவிடம் சொன்னேன். ஏக்கம் இல்லை, நான் போட்ட நூல் என்று. அம்மா நெடுநேரம் அரிசியில் கல் பார்த்தார்.

"அப்போ அவளுக்காக இல்லியா."

"இல்லம்மா."

"உங்கப்பாகிட்ட சொல்லாத. ஏக்கம்னே இருக்கட்டும். நூலுன்னு தெரிஞ்சா, அவ எதுக்கு வரணும்னு கேப்பாரு."

டிசம்பர் 11, வியாழன்

கா. குளியல், இருபது நிமிடம். மா. குளியல், இருபது நிமிடம். ஒன்றும் வரவில்லை. வயிறு கல் மாதிரி. விலா எலும்பு எண்ணலாம்.

அக்காவிடம் நூலைச் சொல்லவில்லை. யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

காலைக் குளியலில் வந்துவிட்டது. சுண்டுவிரல் நீளம். பிரித்துப் பார்த்தேன்: சிவப்பு, பச்சை, ஒரே ஒரு இழை ஜரிகை. காகிதத்தில் சுற்றிக் கொல்லையில் புதைத்தேன்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கை கழுவினேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 13, சனி

மேகமூட்டம். பட்டாணி சாப்பிட்டது. முதலில் வெட்டுக்கிளி, நாக்கு வந்து போனதே தெரியவில்லை. பிறகு கீரை. தலையை ஆட்டி ஆட்டி. நறுக் நறுக் என்று சத்தம்.

அம்மா பக்கத்தில் குந்தி, "மெதுவா துன்னு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் அப்பா. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். அம்மா எழுந்து முந்தானையை விரித்துத் தொட்டியை மறைத்தார். கண்ணாடித் தொட்டி, இரண்டரை அடி. முந்தானை எவ்வளவு மறைக்கும்.

அப்பா பார்த்தார். ஓணான் வாயிலிருந்து முருங்கை ஈர்க்கு நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தார். போனார். வெகுநேரம் தறிச் சத்தம் கேட்கவில்லை.

அம்மா: "போச்சு. வர வேணான்னுடுவாரு."

மத்தியானம் சொல்லவில்லை. சாப்பிடும்போதும் சொல்லவில்லை. மோர் இன்னும் கொஞ்சம் கேட்டார். "நாளை வராதே" என்று அக்காவுக்கு அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புவதைவிட அது மேல் என்று அம்மா சொல்கிறார். பிறகு அவரே, இருக்கட்டும், அனுப்பாதே என்கிறார்.

டிசம்பர் 14, ஞாயிறு

தூறல். அம்மா விடியலிலேயே வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டார். மழை அழித்தது. மறுபடி போட்டார்.

பத்தரைக்கு அக்கா. புதுத் தாலி, பழைய சுடிதார். செருப்பைக் கழற்றாமல் படிக்கு வெளியே. அவள் வீட்டுக்காரர் வரவில்லை. அம்மா அவள் தலையில் இருந்த மழைத்தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் சரோஜா அத்தை.

அப்பா தறியில். முதுகு மட்டும் தெரிந்தது. கை நிற்கவில்லை.

அக்கா மெதுவாக என்னிடம், "தொட்டிய தூக்கிக் குடுடி, போயிடறேன். ஆட்டோ நிக்குது."

நான் உள்ளே போனேன். பட்டாணி கீரைமேல் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. தொட்டியில் கை வைத்தேன். தறி நின்றது.

"ஆட்டோவ அனுப்பிடச் சொல்லு." அப்பா திரும்பாமல், அம்மாவிடம் பேசுவதுபோல. "அது இன்னும் ஒண்ணும் துன்னல. வழியில ஏதாவது ஆயிடப்போவுது. ரெண்டு நாள் கூட இருந்து அவ கையால ஊட்டிட்டு, அப்புறம் எடுத்துக்கினு போவட்டும்."

அக்கா செருப்பைக் கழற்றும் சத்தம்.

கீரைத் தட்டை வெளியே எடுத்து, சமையலறையில் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன்.