என் பெயருக்கு அழுதவள்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துவைத்த வேட்டி இரண்டாம் நாளாக ஈரம். வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, ரவை, நீல மை.

பத்து மணி மினி பஸ்ஸில் வில்லியனூர். ஓட்டுவது ஏழுமலை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது பாதித் தலை நரை. பஸ்ஸில் அஞ்சலாட்சி பாட்டு. ஆடி மாதம் பாகூரில் அவர் பாடிய கிராமியக் கச்சேரியை அப்படியே பதிந்து தீபாவளிக்கு ஆல்பமாக விட்டிருக்கிறார்கள். கைதட்டல், மைக் கீச்சிட்டது, யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டது, எதையும் வெட்டவில்லை. இந்தப் பக்கம் அதற்குத்தான் இத்தனை மவுசு. பாட்டைவிடத் தங்கள் சத்தத்தைத்தான் தேடிக் கேட்கிறார்கள்.

"சார், இப்ப ஒரு விசிலு வரும், காது குடுங்க... வந்துச்சா? அது நானு!" என்றான் ஏழுமலை.

"போடா, அது எங்க மச்சான் விசிலு. உனக்குதான் முன்பல்லே கெடையாதே," என்றார் பின் இருக்கைக்காரர். பஸ்ஸே சிரித்தது.

பிறகு ஒன்பதாவது பாட்டு. பதினோரு நிமிடம். அன்று நானும் போயிருந்ததால் தெரியும், அஞ்சலாட்சி எந்த மேடையிலும் இதைச் செய்வார். இறந்துபோன நம் ஆட்களின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்வார். கைக்கு வந்ததில் ஏழெட்டை எடுத்து, பெயருக்குப் பெயர் அங்கேயே ஒப்பாரி கட்டுவார். நானும் ஒரு சீட்டு கொடுத்தேன். மழை வரும்போல் இருந்ததால் பாட்டு தொடங்குமுன் கிளம்பிவிட்டேன்.

ஐந்து பெயர் போயிற்று. ஆறாவது:

மணியடிச்சு நேரமாச்சே, அபிஷேகப்பாக்கம்
கலியபெருமாள் வாத்தியாரே,
பேரு கூப்பிட நீயில்லாம, எங்க
பெஞ்சியெல்லாம் ஈரமாச்சே.

ஏழுமலை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"சார்... இத்தினி நாளா இது வேற கலியபெருமாள்னு நெனச்சிகினு இருந்தேன் சார்."

"ஊர் பேரோட சொல்றாங்கடா, வேற யாரு?" என்றார் பின் இருக்கைக்காரர்.

பக்கத்து இருக்கையிலிருந்த ஓர் அம்மா என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். "கை சூடாதான் கீது," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

சரியாக அந்த நேரம் பாட்டில் ஒரு பெண் அழுகை. பாடகி இல்லை, கூட்டத்திலிருந்து. "என் பொறப்பே..." என்று, கூடப்பிறந்தவனை அழுவதுபோல். மற்ற எல்லாச் சத்தத்தையும் பிளந்துகொண்டு.

"இந்த எடம்தான் சார். கேட்டா புல்லரிக்கும். யாருன்னு யாருக்குமே தெரியல," என்றான் ஏழுமலை.

நீல மை வாங்க மறந்தேன்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. தூக்கம் குறைவு.

சீட்டில் என்ன எழுதினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. நடுவில்: தனபாக்கியம். என் அக்கா. கீழே வலது ஓரத்தில்: க. கலியபெருமாள், தலைமை ஆசிரியர் (ஓய்வு), அபிஷேகப்பாக்கம். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். கையெழுத்தில்லாத தாளை என்னால் யாரிடமும் நீட்ட முடியாது. உதாரணம்: மளிகைப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் திட்டு வாங்கியவன்.

அழ வேண்டிய பெயரை விட்டுவிட்டு, கீழே இருந்த பெயரை அழுதுவிட்டார்கள்.

நவம்பர் 6, வியாழன்

பக்கத்து வீட்டு சித்ரா ரசம் கொடுத்துவிட்டுப் போனாள். கம்பெனி வேலை, இரண்டு ஷிப்ட். ஆல்பத்தில் மூன்றாம் பாட்டில் வரும் குலவை தன்னுடையது என்கிறாள். நம்புகிறேன். தெருவில் அந்தத் தொண்டை வேறு யாருக்கும் கிடையாது.

அவளுடைய இயர்போனை வாங்கி ஒன்பதாவது பாட்டைப் பதினைந்து முறை கேட்டேன். அழுகை வருவது ஏழு நிமிடம் நாற்பத்தொன்றில். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. இரண்டு கனைப்பு. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

அக்கா வாயைத் திறக்குமுன் இரண்டு முறை கனைப்பாள். "சாப்பிட வா" என்பதற்கும் கனைப்பு, "பால் பொங்குது" என்பதற்கும் கனைப்பு. பால் பொங்கி வழிந்த பிறகுதான் செய்தி வரும்.

இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். வேட்டி காய்ந்தது.

பழைய நோட்டில் ஒரு வருகைப் பதிவேடு போட்டேன். ஆல்பத்தில் கேட்கிற ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வரி. டீக்கடை, பஸ், கோயில் வாசல் என்று நான்கு நாள் விசாரித்தேன். கேட்டால் போதும், ஓடி வந்து சொல்கிறார்கள்.

விசில், 2ஆம் பாட்டு — ஏழுமலை (தகராறு உள்ளது)
குலவை, 3 — சித்ரா
"ஒன்ஸ்மோர் தாயே" — பால் சொசைட்டிக்காரர்
குழந்தை, 6 — கரிக்கலாம்பாக்கம், இப்போது நடக்கிறது
செருமல், 9இன் தொடக்கம் — சவுண்ட் சர்வீஸ் ஆள்

ஆள் வராத வரி ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் தலை நிமிர்ந்து வகுப்பைப் பார்ப்பேன். இன்றும் பார்த்தேன். எதிரே சுவர்.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னால் என்ன என்று ஏழுமலையைக் கேட்டேன். "அத எடுத்தா ஆல்பமே செத்துடும் சார்," என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எடுத்தால் அந்த அழுகையும் போய்விடும் என்று எனக்கும் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பென்ஷனுக்கான உயிர்ச் சான்று. கம்ப்யூட்டர் கடையில் விரல் வைத்தேன். பத்து விரலையும் மிஷின் ஏற்கவில்லை.

"ரேகையே வுழல சார்," என்றது கடையிலிருந்த பெண். "சாக்பீஸ் புடிச்ச கைங்களுக்கு இப்டித்தான் ஆவுது. கண்ண காட்டுங்க."

கண்ணைக் காட்டினேன். காத்திருக்கும்போது யாருடைய கைபேசியோ அடித்தது. அழைப்பொலி: மணியடிச்சு நேரமாச்சே.

கண் ஏற்றுக்கொண்டது. அச்சடித்த தாளை வாங்கி, தேவையில்லாமல் அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கரையாம்புத்தூர். பாகூரில் பஸ் மாறி. வழியெல்லாம் கரும்பு, நடுவில் தண்ணீர் தேங்கிய வயல்.

அஞ்சலாட்சி வீட்டு வாசலில் பம்பை மேளம் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். என் பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஐயையோ. உசிரோட கீறீங்களா?"

"சான்று வைத்திருக்கிறேன்," என்றேன். சிரித்துவிட்டார். உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

"கீழ உங்க பேரு, உத்தியோகம், பிராக்கெட்ல ஓய்வுன்னு, ஊரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல அப்டித்தானே சார் போடுவாங்க? மேல இருந்த பொம்பளப் பேரு சீட்டு குடுத்தவங்க பேருன்னு எடுத்துகினேன்."

அவர்மேல் தப்பே இல்லை.

அக்காவைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். கடைசிவரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையாகக் கட்டி வந்து, வேனை விட்டு இறக்காமலே தெரு வழியாக இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. ஒரு பெண் வாய் திறக்கவில்லை. கவச உடை போட்ட ஆள் ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நான் அழுதேனா என்றால் இல்லை. உதாரணத்துக்கு, பரீட்சை நடக்கும் அறையில் கண்காணிப்பாளர் எப்படி நிற்பாரோ, அப்படி நின்றேன்.

அதற்காகத்தான் அந்தச் சீட்டு. அவளுக்கு ஒரு அழுகை பாக்கி.

அஞ்சலாட்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன் சார். அன்னிக்கி உங்க பேர பாடும்போது, சீட்டு குடுத்த அம்மா எங்கன்னு தேடினேன். முன்னால, சவுக்குக் கம்பத்துகிட்ட ஒரு வயசானவங்க நின்னாங்க. லைட்டு கண்ணுல அடிக்குது, மொகம் தெரியல. மத்தவங்கல்லாம் மாரடிச்சிகினு அழுவுறாங்க. அவங்க வாய்மேல கைய வச்சி ரெண்டு தபா கனைச்சாங்க. அப்புறம்தான் அழுதாங்க. அவங்களப் பாத்துதான் மிச்சத்தப் பாடினேன்."

கனைப்பைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மோரைக் குடித்து முடித்தேன். உப்பு அதிகம்.

வரும் ஞாயிறு வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் ரசிகர்கள் பாராட்டு விழா வைக்கிறார்களாம். அங்கே அக்கா பெயரைப் பாடுகிறேன் என்றார். "சீட்டு நீங்களே எழுதி எடுத்துகினு வாங்க. கீழ கையெழுத்து போட்டுடாதீங்க சாமி."

நவம்பர் 23, ஞாயிறு

காலை முழுதும் சீட்டு. நான்கு தாள் வீண். பெயரை எழுதி முடித்ததும் பேனா தானாக வலது ஓரத்துக்குப் போகிறது. ஐந்தாவது தாளை எழுதியவுடன் பேனாவை மூடிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

சித்ராவும் வந்தாள். லீவு போட்டிருக்கிறாள். "அன்னிக்கி கதவ சாத்திகினு கெடந்தவ நானு. கொழந்த சின்னது சார், பயம்," என்றாள்.

மாலை நான்கு மணி. மண்டபம் கொள்ளாத கூட்டம். ஆல்பத்தின் எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், அஞ்சலாட்சி வாயைத் திறக்குமுன் கூட்டம் பாடுகிறது. விசில் வர வேண்டிய இடத்தில் விசிலும் அடிக்கிறார்கள்.

"ஏய், இவர்தான்டி அந்த செத்த வாத்தியாரு!" இரண்டு கல்லூரிப் பெண்கள். என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

மூன்றாம் வரிசை. இடப்பக்கம் சித்ரா, மடியில் கைபேசி, முழுதும் பதிவு செய்கிறாள். வலப்பக்க நாற்காலியில் என் குடை.

அக்கா பெயர்தான் முதலில்:

கதவடச்ச தெருவழியா, தனபாக்கியமே,
கட்டிவச்ச மூட்டையாப் போனவளே,
அன்னிக்கி அழாத சனம், தாயே,
இன்னிக்கி அழ வந்திருக்கே.

மண்டபம் அழுதது. அவளை அறியாத நூற்றுக்கணக்கான பேர். சித்ரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் உதட்டை இறுக்கி, கண்ணை மூடி, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனைப்பு வருமா என்று. அத்தனை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது குடை நாற்காலியில் இல்லை. கீழே, என் காலருகில், மடித்து, வீட்டில் சுவரோரமாகச் சாய்ப்பதுபோல் நாற்காலிக் காலில் சாய்த்து வைத்திருந்தது.

அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். பசித்தது. இரண்டு இட்லி.

நவம்பர் 24, திங்கள்

மேகமூட்டம். மாத்திரை போட்டாயிற்று.

சித்ரா வேலைக்குப் போகுமுன் கைபேசியையும் இயர்போனையும் கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எல்லாத்தையும்விட நீங்க அழுததுதான் சார் பெரிய சத்தம்."

"நான் வாயே திறக்கவில்லையே அம்மா."

"கேளுங்க," என்றாள். இன்று முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டேன். நாலாம் வரி முடிந்ததும் ஒரு ஆண்குரல், "என் பொறப்பே" என்று. என் குரல்தான். ஆண்டு விழாக் கேசட்டுகளில் கேட்டுப் பழகிய குரல், எனக்குத் தெரியாதா? வயிற்றிலிருந்து வருகிறது. முடிவதாக இல்லை.

பதிவேட்டில் புது வரி போட்டு என் பெயரை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மறுபடி ஓட்டிக் கேட்டேன்.

அழுகை இரண்டு காதிலும் கேட்கிறது. அதற்கு முன்னால் கனைப்பு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. அது வலது காதில் மட்டும், குடை வைத்திருந்த நாற்காலிப் பக்கம்.

சித்ரா ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்க வேண்டும், குடையை எடுத்துக் கீழே வைத்தது அவளா என்று.