நோயாளர் குழுவின் ஒற்றை நாற்காலி குறித்து

அனுப்புநர்
தெய்வம்மா, க/பெ இருளப்பன்,
மூன்றாம் நம்பர் லயம்,
பனிமந்துத் தேயிலைத் தோட்டம்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: தோட்ட ஆஸ்பத்திரி நோயாளர் குழுவுக்குத் திருமதி பொன்னாயி தேர்ந்தெடுக்கப்பட்ட முறை – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இத்தோட்டத்தில் கொழுந்து பறித்து வருகிறேன். சென்ற ஆண்டு முதல் காசநோய்க்காகத் தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையும் பெற்றுத் தேறி வந்தேன். மருந்தைப் பற்றியோ டாக்டர் ஐயாவைப் பற்றியோ எனக்குக் குறை இல்லை. என் குறை பக்கத்து வீட்டுப் பொன்னாயியைப் பற்றியது. இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்.

2. சித்திரை மாதம் டாக்டர் ஐயா எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதோடு வேலை முடியாது, லய வீடுகளில் நோய் வராமலே பார்க்க வேண்டும், அதற்கு நோயாளிகளைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரி நடக்க வேண்டும் என்றார். மாதந்தோறும் அவரும் மேனேஜரும் கம்பவுண்டரும் கூடும் நோயாளர் குழுக் கூட்டத்தில் நோயாளிகள் சார்பாக ஒருவர் இருக்கலாம் என்றார். இதைவிட நல்ல ஏற்பாடு நான் கண்டதில்லை.

3. மேசைக்கு எதிரில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. பேச விருப்பம் உள்ளவர் வந்து உட்காரலாம் என்றார் டாக்டர் ஐயா. நான் முன் வரிசையில் இருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் ஐயா, இலங்கைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் சரி, மருந்து வாங்கும் இடத்திலும் சரி, துரை முன்னால் நாங்கள் உட்கார்ந்தது கிடையாது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று கைகட்டி நின்றேன். விருப்பத்தைக் காட்டும் மரியாதையான வழி அதுதான் என்று நினைத்தேன். பொன்னாயி பின்னாலிருந்து நொண்டிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஐயா மகிழ்ந்து அவர் பெயரை எழுதிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

4. அவர் விரும்பி உட்காரவில்லை. அவர் காலில் அட்டைக்கடி புண்ணாகி வீங்கியிருந்தது. லயத்துக்குத் திரும்பும் வழியில் "காலு கடுத்துச்சு, குந்திட்டேன் தெய்வம், அம்புட்டுத்தான்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் என் வயிற்றை எரிக்கிறது.

5. அவர் கூட்டத்தில் பேசுவதெல்லாம் நான் குழாயடியில் பேசியவை. ஆஸ்பத்திரி திறக்கும் நேரமும் கொழுந்து நிறுக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் யாரும் போக முடிவதில்லை என்று சொன்னவள் நான். அவர் போய்ச் சொன்னார், நேரம் மாறியது. கம்பவுண்டர் ஜன்னலில் நின்று நோயின் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுவதால் நெஞ்சுநோய்க்காரர்கள் வெட்கப்பட்டு வராமல் போகிறார்கள் என்று அழுதவளும் நான். அவர் போய்ச் சொன்னார், இப்போது திரை போட்ட தனி அறை இருக்கிறது. நின்றுபோனவர்கள் திரும்ப வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பெயர் அவருக்கு. என்னைவிட இளையவர், அவரைக் கமிட்டியக்கா என்கிறார்கள். குழாயடியில் அவர் குடத்துக்கு முதலிடம். கோயமுத்தூர்ப் பக்கத்து நர்சம்மா அவரிடம் "வாங்க, உக்காருங்க, டீ குடிக்கிறீங்களா" என்கிறார். என்னிடம் "ஏனுங்க, வரிசையில நில்லுங்க" என்கிறார்.

6. எனக்குப் பொறாமை என்று லயத்தில் பேசுகிறார்கள். பொறாமைதான், ஐயா. ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. கால் புண் பத்து நாளில் ஆறிவிட்டது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, தட்டும் தம்ளரும் தனியாக வைக்கப்பட்டு, பெற்ற பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தவளின் வாயாக அவர் எப்படிப் பேச முடியும்? துணிந்து உட்கார்ந்தவரே நோயாளிகளின் சார்பாளர் என்று வைத்தால், காலமெல்லாம் நின்றே பழகியவர்களை யார் கேட்பார்கள்? எங்கள் லயத்தில் பெரும்பாலோர் நின்றே பழகியவர்கள்.

7. மருந்து கொடுக்கும் நாளில் பொன்னாயி ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் இருந்து எல்லோரிடமும் நலம் விசாரிக்கிறார். அந்த விசாரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. ஆடி மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இருமல் திரும்பிவிட்டது. இதையும் அவர் டாக்டர் ஐயாவிடம் சொல்லி, என் மாத்திரையைக் கையோடு வாங்கி வந்து, காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் என் வாசலில் கொடுக்கிறார். நான் விழுங்கும் வரை அங்கேயே நிற்கிறார். பலகை எடுத்துப் போட்டு உட்காரச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மழையிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

8. அவரைக் குழுவிலிருந்து நீக்கும்படி கேட்கத்தான் இம்மனுவை எழுதத் தொடங்கினேன். இன்று காலை நனைந்த கம்பளியோடு அவர் நின்றதைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் இருக்கட்டும். ஆனால் அந்த மேசைக்கு எதிரில் இன்னொரு நாற்காலி போட உத்தரவிடுமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் கைப்பிடி இருக்க வேண்டும். உயரம் அவருடையதைவிடக் குறையக் கூடாது. நாற்காலி போட்டால், யாரும் கூப்பிடக் காத்திராமல் நான் போய் உட்காருவேன். மாத்திரையையும் அங்கேயே வந்து வாங்கிக்கொள்வேன். பொன்னாயி என் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
தெய்வம்மா
(என் கையாலேயே எழுதியது. பொன்னாயிக்குக் கைநாட்டு வைக்கத்தான் தெரியும்.)

இடம்: பனிமந்து
நாள்: 12.9.1978